சாட்சி என்னும் சொல்லும் ஆறு நாள் வாழ்வும்

நம் திருச்சபைகளில் 'சாட்சி' என்னும் சொல் வழங்கும் இடங்களை எண்ணிப் பார்ப்போமாயின் அவை மிகச் சிலவே. உபவாசக் கூட்டத்திலோ ஸ்தோத்திரப் பண்டிகையிலோ ஒருவர் எழுந்து நின்று, தமக்கு வந்த நோய் நீங்கியதையும் மகனுக்கு வேலை கிடைத்ததையும் எடுத்துரைப்பார். அது சாட்சி எனப்படும். ஊழியர் ஒருவர் சந்தைக்கூட்டத்தில் துண்டுப்பிரதி வழங்குவார். அதுவும் சாட்சி எனப்படும். தறியிலும் வயலிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பேருந்திலும் கழிகின்ற மற்ற ஆறு நாள்கள் இச்சொல்லின் எல்லைக்குப் புறம்பே நிற்கின்றன. 'ஊழியம்' என்னும் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. மாதச் சம்பளம் பெறும் சிலருக்கே அது உரியதாகி, ஏனையோர் அவர்களைத் தாங்குவோர் ஆகிவிட்டனர். இக்குறுக்கம் எவ்வாறு திருமறைக்கு முரணானது என்பதையும், அதனை நீக்குவதில் ஆயர்களுக்குரிய பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். 'சாட்சி' வடமொழிச் சொல். கண்ணோடு கூடியவர், அதாவது நேரில் கண்டவர் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு ஈடாகச் 'சான்று' உண்டு. பழைய வழக்கில் 'கரி' உண்டு. சான்று என்பதைச் 'சால்' என்னும் வினையடியோடு தொடர்புபடுத்துவர். நிறைதல், அமைதல் எனப் பொருள்படும் அவ்வடியிலிருந்தே சான்றோர் என்ற சொல்லும் பிறக்கின்றது. சான்று கூறுபவரும் சான்றோரும் மொழியளவில் உறவினர் என்பது நமக்குப் பயனுள்ள செய்தியே. புதிய ஏற்பாட்டின் 'மார்த்துஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோ வழக்குமன்றத்திற்கு உரியது. வழக்குமன்றச் சாட்சி தம்மைப்பற்றிப் பேச வந்தவர் அல்லர். வேறொருவரது வழக்கில், தாம் கண்டதை மட்டும் கூற வந்தவர். அவர் பேசும் நேரத்தை அவர் தெரிந்துகொள்வதில்லை, அழைக்கப்படும்போது பேசுகிறார். மேலும், அவர் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவர். அவரது நடத்தையில் பொய் காணப்பட்டால், அவர் கூறியது மெய்யேயாயினும் மன்றத்தில் எடுபடாது. நம் கூட்டங்களில் கூறப்படும் சாட்சிகளுக்குக் குறுக்கு விசாரணை இல்லை. அடுத்த வீட்டாரும் உடன் வேலை செய்வோரும் அங்கே இருப்பதில்லை அன்றோ?

அன்றாடச் சாட்சிக்கு ஆதாரமாக மத்தேயு 28ஆம் அதிகாரத்தின் இறுதிக் கட்டளையைக் காட்டுவது வழக்கம். கிரேக்க மூலத்தில் அங்குள்ள ஏவல் வினை 'சீஷராக்குங்கள்' என்பது ஒன்றே. 'புறப்பட்டுப் போய்' என்பது எச்சவினை. ஆகவே 'நீங்கள் போகும் வழியெல்லாம், வாழ்வின் போக்கிலே' என்று பொருள்கொள்ள வேண்டும் என்பர். பிரசங்கத்திற்கு இவ்விளக்கம் இனிமையாகவே இருக்கின்றது. ஆயினும் மத்தேயுவின் நடையை நன்கு கற்ற மாணவர் இதனை ஏற்கத் தயங்குவர். ஏரோது சாஸ்திரிகளை அனுப்பும் இடத்திலும் (2:8), தூதன் பெண்களை அனுப்பும் இடத்திலும் (28:7) இதே அமைப்பு வருகின்றது. அங்கெல்லாம் போதலும் கட்டளையின் பகுதியே. ஏவலுக்கு முன் நிற்கும் எச்சம் அந்த ஏவலின் வலிமையைப் பெறுகின்றது. அன்றாடச் சாட்சி மெய்யானது. ஆனால் அதற்கு வலுவற்ற இலக்கணத்தைத் தூணாக நாட்ட வேண்டியதில்லை. அதைவிட உறுதியான இடம் லூக்காவிடத்தில் உண்டு.

ஸ்தேவானின் மரணத்திற்குப்பின் எழுந்த துன்பத்தில், அப்போஸ்தலர் தவிர மற்ற யாவரும் சிதறுண்டனர் என்று லூக்கா எழுதுகிறார் (அப். 8:1). சிதறுண்டவர்களே எங்கும் சென்று நற்செய்தி அறிவித்தனர் (8:4). அதாவது, அனுப்பப்பட்டோர் என்ற பெயருடையோர் எருசலேமில் தங்க, அனுப்பப்படாதோர் சென்றனர். மூன்று அதிகாரங்கள் கடந்து அந்த இழையை அவர் மீண்டும் எடுக்கிறார். பெனிக்கேயா, சீப்புரு, அந்தியோகியா வரை அவர்கள் சென்றனர். சீப்புரு தீவையும் சிரேனேயையும் சார்ந்த சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரோடும் பேசினர் (11:19-20). இங்கே லூக்கா ஆளும் வினை 'லலேயோ' என்பது; உரையாடுதல், பேசுதல் என்னும் எளிய பொருளுடையது. யூதரல்லாதாரிடம் திருச்சபை அகலக் கால் வைத்த அந்த மாபெரும் நிகழ்ச்சியைச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தரப்படவில்லை. அவர்கள் யார்? ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்புத் தேடிய அகதிகள். கடைவீதியிலும் வேலைத்தலத்திலும் பேசியிருப்பார்கள் என்று கொள்வதே பொருத்தமாகும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துவில் கூடாரத் தொழிலை விடாமலே பவுலுக்கு வீடளித்தனர், பின்பு எபேசுவில் அப்பொல்லோவைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு உபதேசத்தைத் திருத்தமாக விளக்கினர் (அப். 18).

திருச்சபையின் பகைவர் ஒருவரும் இதற்குச் சான்று தருகிறார். கி.பி. 178ஐ ஒட்டிக் கிறிஸ்தவத்தைத் தாக்கி நூல் இயற்றிய கெல்சுஸ் என்பாரின் குறை இதுதான்: கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் துணி வெளுப்போருமான கல்லாத மக்கள், வீட்டுத் தலைவர்முன் வாய் திறவாமல், பிள்ளைகளையும் பெண்களையும் தனியே கண்டு தங்கள் கொள்கையைப் புகட்டுகின்றனர், மேலும் அறிய விரும்பினால் செருப்புக் கடைக்கும் வெளுக்கும் இடத்திற்கும் வருமாறு அழைக்கின்றனர். கி.பி. 248ஐ ஒட்டி மறுப்பு எழுதிய ஓரிகேன் இப்பகுதியை எடுத்தாண்டதால்தான் நாம் இதனை அறிகிறோம். ஏளனமாகக் கூறப்பட்டதே இன்று நமக்கு விலைமதிப்பற்ற வரலாற்றுச் செய்தியாக நிற்கின்றது. இரண்டாம் நூற்றாண்டில் நற்செய்தி பரவிய வழி செருப்புக் கடையின் வழியாகும்.

தோலும் செருப்பும் என்றவுடன் நம் துணைக்கண்டத்தின் வரலாற்றில் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் பகுதியில் வாழ்ந்த டிட் என்பவரே அவர். சுஹ்ரா என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், கால் ஊனமுற்றவர், எழுத்தறிவற்றவர். ஊர்தோறும் நடந்து கால்நடைத் தோல்களை வாங்கி வியாபாரிகளுக்கு விற்பது அவர் பிழைப்பு. ஜாட் வகுப்பைச் சார்ந்த நட்டு என்னும் புதுக் கிறிஸ்தவர் ஒருவரிடமிருந்து அவர் கிறிஸ்துவைப்பற்றிக் கேள்வியுற்றார். அமெரிக்க ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் அருட்பணியாளர்கள் அந்த நட்டுவிடம் பெரும் நம்பிக்கை வைத்திருந்தனர். ஆனால் அவர் உறுதியற்றவராய்ப் போனார். அவர் வழியே வந்த டிட்டைப்பற்றியோ எவரும் எதனையும் எதிர்பார்க்கவில்லை.

1873ஆம் ஆண்டு டிட் சியால்கோட்டிற்கு வந்து, அருட்பணியாளர் சாமுவேல் மார்ட்டினிடம் திருமுழுக்குக் கேட்டார். முதலில் சிலகாலம் தங்கிக் கற்கவேண்டும் என்பது மார்ட்டினின் எண்ணம். திருமுழுக்குப் பெற்றவுடன் தம் ஊருக்கே திரும்பவேண்டும் என்பது டிட்டின் விருப்பம். மார்ட்டின் தயங்கினார், ஆனால் மறுப்பதற்குத் தக்க காரணம் எதுவும் காணாதவராய்த் திருமுழுக்கு அளித்தார். புதுக் கிறிஸ்தவரை அவரது ஊரிலிருந்து பிரித்து அருட்பணி வளாகத்தில் குடியேற்றிக் காப்பதே அக்காலத்தில் பரவலான வழக்கம் என்பதை நினைவிற்கொண்டால், டிட்டின் அவ்விருப்பம் எத்துணைப் புதுமையானது என்பது விளங்கும்.

ஊரில் அவரை வரவேற்றது ஏளனமே. உற்றார் அவரைச் சூழ்ந்து பழித்தனர். தங்களைக் கலந்துகொள்ளாமல் மதம் மாறியவரோடு உண்பதும் பருகுவதும் இல்லை என்றனர். அவரது ஊனத்தையும் சுட்டிச் சபித்தனர். அவர் ஊரைவிட்டு ஓடவில்லை, தொழிலையும் விடவில்லை. அதே தோல் மூட்டையுடன் அதே ஊர்களுக்கு நடந்தார். பேரம் பேசிய வாயாலேயே தாம் அறிந்த சிறிதளவு செய்தியையும் பேசினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தம் மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவர் ஆகியோரை ஏறத்தாழ முப்பது மைல் நடத்தி மார்ட்டினிடம் கொண்டுவந்தார். அவர்களுக்கு அவரே போதித்திருந்தார். திருமுழுக்குப் பெற்றதும் அவர்களும் உடனே ஊர் திரும்பினர். சுமார் ஆறு மாதங்களுக்குப்பின் மேலும் நால்வர் வந்தனர். இவ்வாறு தொடங்கியது பெருகி, 1915 அளவில் சியால்கோட் மாவட்டத்துச் சுஹ்ராக்களில் மிகச் சிலரே கிறிஸ்தவ நம்பிக்கையை அறிக்கையிடாதிருந்தனர் என்று, இந்திய மக்கள் இயக்கங்களை ஆய்ந்து 1933இல் நூல் வெளியிட்ட பிக்கெட் குறிப்பிடுகிறார்.

எண்ணிக்கையைக் காட்டி மாணவரை எழுப்புவது நம் நோக்கம் அன்று. இவ்வரலாற்றில் நாம் தங்கி நோக்கவேண்டியவை வேறு. டிட்டின் தொழில் சாட்சிக்கு இடையூறாக இருக்கவில்லை. சாட்சிக்கு அதுவே பாதை வகுத்துத் தந்தது. தோல் வியாபாரி செல்லும் வீடுகளுக்கு அருட்பணியாளர் செல்ல இயலாது. மேலும், அவர் உறவு அறுபட்ட பின்னும் உறவினரிடையே வாழ்ந்தார். ஆகவே அவர் கூறியதை அவர்கள் நாள்தோறும் சோதித்துப் பார்க்க முடிந்தது. முன்னே கூறிய குறுக்கு விசாரணை இதுவே. அவருக்கு எவர்மீதும் அதிகாரம் இல்லை, கொடுப்பதற்குப் பொருளும் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

இந்த இறுதிச் செய்தி நம் காலத்திற்கு இன்றியமையாதது. திருமறையில் அன்றாடச் சாட்சி பெரும்பாலும் கீழிருந்து மேலே செல்கின்றது. நாகமானின் வீட்டில் இருந்தது சிறைபிடிக்கப்பட்ட ஒரு சிறுமி (2 இராஜா. 5). பேதுருவின் முதல் நிருபம் பேசுவது அடிமைகளிடமும், நம்பாத கணவரோடு வாழும் மனைவியரிடமும் ஆகும். நாமோ பல வேளைகளில் மேலிருந்து கீழே பேசுகிறோம். நோயாளி படுக்கையில் இருக்கையில் மருத்துவர் பேசுவதும், மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் மாணவனிடம் பேசுவதும், கடன் கொடுத்தவர் வாங்கினவரிடம் பேசுவதும் ஒரு தன்மையன அல்ல. மறுத்துரைக்கும் உரிமை உண்மையில் இல்லாதவரிடம் கூறப்படும் சாட்சி, கேட்பவரின் மனச்சான்றை மதிப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமயத்தை அறிக்கையிடவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகின்றது. 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பரப்பும் உரிமை மற்றவரை மதம் மாற்றும் உரிமையைத் தராது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஒருவர் தாமாக மதம் மாறும் உரிமைக்கு உரிய இடம் அளிக்கவில்லை என்ற குறையைச் சட்ட அறிஞர்களும் எடுத்துக் காட்டியுள்ளனர், நாமும் அக்கருத்தினரே. ஆயினும் சட்டம் வற்புறுத்தலைத் தடுப்பதற்கு முன்பே நம் இறையியல் அதனைத் தடுத்திருக்கவேண்டும்.

அப்படியாயின், பேசாமல் வாழ்ந்துகாட்டினால் போதாதா என்பர் சிலர். காந்தியடிகள் ரோஜா மலரை உவமையாக எடுத்து, அது பிரசங்கிப்பதில்லை, மணம் பரப்புகின்றது. கிறிஸ்தவரும் அவ்வாறு இருக்கலாகாதா என்று பலமுறை வினவினார். இவ்வினாவைக் கிறிஸ்தவர் எளிதில் ஒதுக்கலாகாது. நம் பேச்சிற்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கண்டே அவர் வினவினார். எனினும் உவமை ஓர் இடத்தில் குறைபடுகின்றது. ரோஜா தன் மணத்தையே தருகின்றது. நம் வாழ்வு மட்டும் பேசுமாயின், அது நம்மைப்பற்றியே பேசும். காண்பவர் நம்மை நல்லவர் என்று கூறிச் செல்வார். கிறிஸ்தவர் பெற்றது தம்முடையது அன்று, பிறர் செய்த செயலின் பயன் என்பதை உணர்த்த ஒரு சொல்லேனும் வேண்டும். அச்சொல் நம்மைவிட்டு அப்பால் சுட்டுகின்றது. சாட்சி என்பதன் பொருளும் அதுவேயன்றோ?

பேதுரு இதனை மிக நுட்பமாகக் கையாளுகிறார். 'அனஸ்த்ரொஃபே' என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் பதின்மூன்று முறை வருகின்றது. அவற்றுள் ஆறு இச்சிறு நிருபத்தில் உள்ளன. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'நடக்கை' என்று அழகுறத் தருகின்றது. மனைவியர் சொல்லின்றியே நடக்கையினால் கணவரை ஆதாயப்படுத்தலாம் என்கிறார் (3:1). அதே அதிகாரத்தில், நம்பிக்கையின் காரணம் கேட்கும் எவருக்கும் சாந்தத்தோடு மறுமொழி கூற எப்போதும் ஆயத்தமாயிருக்கவேண்டும் என்கிறார் (3:15). இவ்விரண்டும் முரண் அல்ல. மறுமொழி என்றால் முன்னே ஒரு கேள்வி உண்டு; கேள்வி என்றால் அதற்கு முன்னே கண்ணுக்குத் தெரிந்த ஒரு நடக்கை உண்டு. நம்மில் பலர் கேட்கப்படாத கேள்விகளுக்கு மறுமொழி கூறியே களைத்துவிட்டோம்.

பேராயர் அசரியா தோர்ணக்கல்லில் இவ்விரண்டையும் இணைத்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர், 1912 டிசம்பர் 29ஆம் நாள் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். திருமுழுக்குப் பெற்றோரைத் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தி அறிவித்தல் தமக்கு விழுந்த கடமை என்று பவுலின் கருத்தைத் தம் வாயாலேயே கூறச் செய்வார். அவர்களுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதோர். அவர்களது நடக்கையில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டே தாங்கள் ஈர்க்கப்பட்டதாகப் பிற்காலத்தில் நிலவுடைய சாதியாருள் பலர் கூறினர். வயலில் வேலை வாங்கியவர் வேலை செய்தவரிடம் காரணம் கேட்டார்.

நம் தமிழ்ச் சபைகளில் இது நிகழ்வதற்குத் தடையாக நிற்பவற்றுள் சாதியே முதலாவது. கல்லறையிலும் மணவுறவிலும் சபைத் தேர்தலிலும் சாதி பிரித்துக்கொள்ளும் சபையின் அங்கத்தினர், தொழிற்சாலையில் கிறிஸ்துவின் சமாதானத்தைப்பற்றிப் பேசினால், உடன் வேலை செய்வோர் அதனை நம்புவதற்கு என்ன முகாந்தரம் உண்டு? இதனை விரிக்க வேண்டியதில்லை, யாவரும் அறிந்ததே.

அறியாததுபோல் நாம் கடந்துபோகும் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியாருக்குரிய உரிமைகள் முதலில் இந்துக்களுக்கே வழங்கப்பட்டன, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டன, கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. எனவே நம் தலித் சபையாருள் பலருக்கு, அலுவலகப் பதிவேட்டில் தம் சமயத்தை எழுதுவது பிழைப்பையே பணயம் வைப்பதாகும். ஞாயிறன்று திருவிருந்தில் பங்குபெற்று, திங்களன்று வேறு பெயரில் கையொப்பமிடும் சகோதரர் நம்மிடையே உண்டு. வெளியரங்கமாக அறிக்கையிடாதவர் கோழையர் என்று பீடத்திலிருந்து முழங்கும் ஆயர், அவ்வறிக்கைக்குத் தாம் ஒரு காசும் இழப்பதில்லை என்பதை எண்ணவேண்டும். அவருக்கு அது சம்பளம் பெற்றுத் தருகின்றது. அந்தச் சகோதரருக்கோ வேலையைப் பறிக்கின்றது. சாட்சியைப்பற்றிய நம் போதனை, இவர்களது நெருக்கடியோடு கூடவே உட்கார்ந்து உருவாக்கப்படவேண்டியது.

லுத்தர் 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலையும், 1954இல் எவன்ஸ்டனில் கூடிய உலகத் திருச்சபை மன்றத்தின் பேரவை, சபையாரின் அன்றாட அழைப்பைப்பற்றித் தனிப் பிரிவாகவே ஆராய்ந்ததையும், 1958இல் கிரேமர் இப்பொருள்பற்றி எழுதிய நூலையும் நாம் தேர்வுக்காகக் கற்பிக்கிறோம்; மாணவரும் நன்கு எழுதுகின்றனர். ஆனால் ஆயராகிச் சபைக்குச் சென்றபின், வீடு சந்திக்கும் வேளை பகல் பத்து மணியாக இருக்கின்றது. அவ்வேளையில் வீட்டில் முதியோரே உளர். சபையாரின் நோய்களை ஆயர் அறிவார். அவர்களது வேலையை அறியார். மளிகைக் கடைக்காரர் எடையிலும் ரசீதிலும் சந்திக்கும் சோதனை எது, செவிலியருக்கு இரவுப் பணியில் எழும் ஐயம் எது, நடத்துநர் சில்லறைக்காக நாள்தோறும் கேட்கும் வசைக்கு அவர் எவ்வாறு மறுமொழி கூறுகிறார் என்பவற்றைக் கேட்டறியாதவர், அவர்களைச் சாட்சிக்கு ஆயத்தப்படுத்த இயலாது. வட இந்தியாவிற்குப் புறப்படும் அருட்பணியாளருக்காகப் பீடத்தின்முன் முழங்காலில் நிறுத்தி ஜெபிக்கிறோம், அது நன்று. அரசுப் பள்ளிக்கு முதன்முதலாக வேலைக்குச் செல்லும் இளம் ஆசிரியைக்காக எத்தனை சபைகள் அவ்வாறு செய்கின்றன?

இங்கே மீண்டும் அந்தியோகியாவை நோக்குதல் தகும். பெயரில்லாத அகதிகள் பேசியதால் சபை உண்டாயிற்று என்ற செய்தி எருசலேமை எட்டியபோது பர்னபா அனுப்பப்பட்டார். அவர் செய்ததை லூக்கா மூன்று வினைகளில் கூறுகிறார்: கண்டார், மகிழ்ந்தார், புத்தி சொன்னார் (11:23). அப்பணியைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ளவில்லை. இது முறையாகத் தொடங்கப்பட்டதா என்ற விசாரணையும் நடத்தவில்லை. ஆனால் அதோடு நிற்கவும் இல்லை. பேசிப் பேசிச் சபையை உண்டாக்கியோருக்குப் போதனை தேவை என்பதை உணர்ந்து, தர்சு வரை சென்று சவுலைத் தேடி அழைத்துவந்தார். இருவரும் ஓராண்டுக் காலம் அங்கே தங்கி மக்களுக்குப் போதித்தனர். பஞ்சாபிலோ ஆயிரக்கணக்கில் வந்தோருக்கு ஈடாகப் போதிக்க ஆளில்லை. மக்கள் இயக்கங்களை ஆய்ந்தோர் மீண்டும் மீண்டும் குறைபட்டுக்கொண்டது இதைப்பற்றியே. டிட்டைப் போன்றோர் நம் சபைகளிலும் தோல் மூட்டையின்றி இருக்கின்றனர். அவர்கள் பணியிடத்திலிருந்து கொண்டுவரும் கேள்விகளை மாலையில் உட்கார்ந்து கேட்டு, அவற்றிற்கேற்பத் திருமறையை ஓராண்டு கற்பிக்கும் வகுப்பு ஒன்று, திடப்படுத்தல் பெற்ற வயதுவந்தோருக்கென ஒவ்வொரு குருசேகரத்திலும் வேண்டும். அதனை நடத்தும் பயிற்சியும் பிரசங்கக் கலைக்கு நிகரான இடத்தை இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் பெறவேண்டும்.